மரக்காணத்தில் முதலில் வந்தவர் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

திருவிழாக் காலம் வந்தால் போதும், "நம்மூர் வரலாறு" என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறக்கின்றன. ஒருவர் கோயில் யுகம் யுகமாக இருக்கிறது என்கிறார். இன்னொருவர் மாதா கோயிலால்தான் இந்தக் கடற்கரை கண் திறந்தது என்கிறார். பிறகு அந்தச் சொல் வருகிறது: "வந்தேறி". அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆதாரத்தைப் பார்ப்போம். பூமீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். ஆக, ஆயிரம் ஆண்டுப் பழமைக்குக் கல்லே சாட்சி. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரின் கதை அங்கே தொடங்கவில்லை.

பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று ஒரு நூல். பாடியவர் நத்தத்தனார், நமக்குப் பக்கத்து இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களில் ஒன்று எயிற்பட்டினம். அதுதான் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இன்னொன்று கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. ஓய்மாநாடு என்ற பெயர் இந்த வட்டாரத்துச் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்கிறது.

அந்தப் பாட்டில் பாணன் பட்டினத்துக்குள் நுழைந்ததும் என்ன கிடைக்கிறது? அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள், ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலக் கிடக்கின்றன. அதை விறகாக எரித்து, ஒரு நுளையர் பெண் வடித்த தேறலும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. பெயர் தெரியாத ஒரு மீனவப் பெண் வழிப்போக்கனுக்குச் சோறு போட்டதுபோல ஒரு காட்சி. "உன் சாதி என்ன, சாமி என்ன?" என்று அவள் கேட்கவில்லை. நம் பட்டினத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி "வந்தேறி" கணக்குக்கு வருவோம். சேசு சபையார் புதுச்சேரியை மையமாக வைத்துக் கர்நாடக மிஷன் நடத்தியது 18ஆம் நூற்றாண்டில். அந்தச் சபை கலைக்கப்பட்ட பின் 1776இல் பாரிஸ் மிஷன் சபையார் அந்தப் பொறுப்புக்கு வந்தார்கள். புதுச்சேரி உயர்மறைமாவட்டம் ஆனது 1886இல். சரி, பாதிரியார் கப்பலில் வந்தார். அவர் முன் முழந்தாளிட்டவர்களும் கப்பலிலா வந்தார்கள்? இதே கரையில் வலை இழுத்தவர்கள், இதே மண்ணில் கூலி வேலை பார்த்தவர்கள். வழிபாடு பின்னால் வந்தது, மக்கள் பின்னால் வரவில்லை. பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கும் இதே நியாயம்தான். பின்னால் வந்த வழிபாட்டுக்கு உரிமை இல்லை என்றால், அந்த மீனவப் பெண்ணின் முன் நம் எல்லாருடைய வழிபாட்டிடமும் பின்னால் வந்ததுதானே?

"நம்பிக்கையில் ஏன் கை வைக்கிறீர்கள், சார்?" என்று சிலர் கேட்பார்கள். வைக்கவில்லை. தலபுராணம் பக்திக்கு, அதைக் கேட்டுக் கும்பிடுங்கள். அதை வைத்து அண்டைவீட்டுக்காரனை "வெளியே போ" என்றால், அப்போது ஆதாரம் காட்டியாக வேண்டும்.

இந்தச் சண்டையில் காணாமல் போனவர்கள் யார் தெரியுமா? உப்பளத் தொழிலாளிகள். எந்த விழா மலரிலும் அவர்களுக்கு ஒரு பக்கம் இல்லை. 1805இல் கும்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விளைவித்தவன் கையில் உப்பு, விலை சொன்னது கும்பெனி. அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் வந்து நம்மூரில் முடிகிறது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதியை 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களை வைத்து வெட்டினார்கள். கால்வாய்க்குப் பெயர் மட்டும் ஆளுநருடையது! பாத்தி மிதித்தவனுக்கும் மண் சுமந்தவளுக்கும் எங்கே கல்வெட்டு?

ஆகவே கேட்கிறேன். கோயில் கல்வெட்டுகளை எல்லாருக்கும் புரியும் தமிழில் எழுதி ஒரு பலகை வையுங்கள். திருப்பணி என்ற பெயரில் எங்கும் கல்லெழுத்தின் மேல் சுண்ணாம்போ பெயின்டோ ஏற விடாதீர்கள். தேவாலயங்களில் உள்ள பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கரையான் தின்னும் முன் படம் பிடித்து வையுங்கள். ராஜாவின் கல்லில் ஏறாத ஏழைகளின் பெயர் அதில்தான் இருக்கும். பள்ளிவாசல் பத்திரங்களையும் சேருங்கள். உப்பளத்துப் பெரியவர்கள் சொல்வதை, அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நூலாக்கி நூலகத்தில் வைப்போம்.

அதுவரை "யார் முதலில் வந்தது?" என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால், ஒரு வரி பதில் போதும்: சுட்ட மீன் கொடுத்தவள் வந்தாள், மற்றவர்கள் எல்லாம் விருந்தாளிகள்.