அசல் எத்தனை, இடைச்செருகல் எத்தனை?

பரீட்சை முடிந்த கையோடு பிள்ளையாண்டான் மெள்ள அருகில் வந்து, "அம்மா, ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்கிறான். கார்டுதானே என்று தலையாட்டிவிடாதீர்கள்! என்விடியா கம்பெனி 2025 ஜனவரியில் கொண்டுவந்த 'ஆர்டிஎக்ஸ் 5090' கார்டுக்கு அமெரிக்காவில் அறிவித்த விலை 1,999 டாலர்.

அப்படி என்னதான் செய்கிறது அது? சினிமாவில் படங்களை முன்பே எடுத்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டிலோ, பையன் பொத்தானை அழுத்த அழுத்த, நொடிக்கு 60 தடவை புதுப் படம் எழுதியாக வேண்டும். எழுதுகிற சித்திரக்காரன்தான் இந்தக் கார்டு.

குத்துவிளக்கின் சுடர் பித்தளைத் தாம்பாளத்தில் தெரிகிறதல்லவா? பழைய விளையாட்டுகளில் இத்தகைய பிரதிபிம்பங்களை நாடகத் திரைச்சீலை மாதிரி ஒப்பேற்றி வந்தார்கள். ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிட்டே படம் எழுதும் முறையை 1980-ல் டர்னர் விட்டெட் என்பவர் விளக்கினார். அன்று ஒரே படத்துக்கு ஒரு மணிக்கு மேல் பிடித்தது! 2018-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகள் அதை விளையாட்டின் நடுவிலேயே செய்து காட்டின.

ஆனால் சித்திரக்காரனுக்கு வேலை மிஞ்சிவிட்டது. ஆகவே ஒரு யுக்தி செய்தார்கள். இரண்டு அசல் படங்களுக்கு நடுவே, 2025-ல் வெளிவந்தபோது இந்த வரிசைக் கார்டு மூன்று படங்கள் வரை தானே ஊகித்துச் செருகியது. கண்ணுக்கு ஓட்டம் வழவழவென்று இருக்கும். ஆனால் பையனின் விரலுக்குப் பதில் சொல்வது அசல் படங்கள் மட்டுந்தான். திரையில் 120 ஓடினாலும் அசல் 30 என்றால், கைக்குத் தெரிவது அந்த 30-ன் மந்தமே.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு, 2022-ல் 1,599 டாலருக்கு வந்த 4090-க்குச் சமம் என்றார். கூட்டம் கை தட்டியது. பின்னால் சோதித்தவர்கள் இடைச்செருகலை நீக்கிப் பார்த்தார்கள். 5070 வெகுவாகப் பின்தங்கிவிட்டது. 4090-ல் 24 ஜிபி நினைவகம். இதில் 12 தான்.

ஆகவே சகோதரிகளே, "கூடாது" என்று ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். விளம்பரத்தை நம்பிப் பணத்தை எண்ணவும் வேண்டாம். நாலு கேள்வி கேளுங்கள். நீ ஆடும் விளையாட்டில் இடைச்செருகல் இல்லாமல் நொடிக்கு எத்தனை படம்? நினைவகம் எவ்வளவு? நம் வீட்டுத் திரை நொடிக்கு 60 படந்தான் காட்டும் என்றால், மேற்கொண்டு வருவது யாருக்கு? கரண்டு எவ்வளவு தின்னும்? (5090 முழு மூச்சாக உழைத்தால் 575 வாட், இரண்டு மணி ஆட்டத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல்!)

இவ்வளவும் கேட்டுவிட்டு, "யோசிக்கலாம்" என்று அடுப்பங்கரைப் பக்கம் திரும்புங்கள். பிள்ளையாண்டான் அசந்தே போவான்!