கட்டுமரத்துக்கு இறக்கைகள்

ஆங்கிலேயர் 'கேட்டமரான்' என வழங்கும் சொல் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தது என்பதை அன்பர்கள் அறிவார்கள். பெயர் நம்முடையதாயினும் வடிவம் நம்முடையதன்று. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இன்று அப்பெயர் தாங்குவதோ ஒடுங்கிய ஓடங்கள் இரண்டைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்மரப் படகு. அதற்கு முன்னோடிகள் பசிபிக் தீவினரே.

இவ்வினத்தில் உலகெங்கும் பரவியது, கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டர் உருவாக்கிய 'ஹோபி 16'. நீளம் ஏறத்தாழ 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. ஓடங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளமே இருக்கை. பந்தயம் விடும் இளைஞர் பாய்மரத்துக் கம்பியைத் தம் கச்சையில் மாட்டிக்கொண்டு வெளியே சாய்வர். முழங்கால் நோகும் முதியவரோ சாய்ந்துகொள்ள ஏதுமின்றிக் காலை மடக்கி அமரவேண்டும்; அல்லது கரையிலேயே நின்று பார்க்கவேண்டும்.

இக்குறைக்கு மருந்துதான் இறக்கை இருக்கை. அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் துணி கட்டி, படகின் இருபுறமும் வெளியே நீளுமாறு பொருத்துவார்கள். 1985-இல் வெளிவந்த 'ஹோபி 17' இறக்கைகளோடேயே பிறந்தது.

வசதி மட்டுமன்று, பயனும் உண்டு. காற்று படகைச் சாய்க்கும்போது எதிர்ப்புறம் அமர்ந்தவரின் எடையே அதனைத் தடுக்கிறது. தாழும் ஓடத்திலிருந்து 2.4 மீட்டர் தொலைவில் இருந்தவர் மேலும் அரை மீட்டர் விலகினால், அவர் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு ஒப்பாகும்.

ஆனால் அதே நெம்புகோல், இறக்கை பொருந்தும் இடத்தையும் முறுக்கும். ஆதலின் சுமையை ஓரக் குழாய் மட்டும் தாங்கலாகாது; குறுக்குச் சட்டங்களும் ஏற்குமாறு பொருத்துதல் வேண்டும். எடை கூடுவதால் கவிழ்ந்த படகை நிமிர்த்துவதும் கடினமாகும். ஒரே அமைப்பை வற்புறுத்தும் பந்தயங்களுக்கு முன் இறக்கையைக் கழற்றிவிட வேண்டும்.

எனவே நாம் சொல்வது இதுவே: முதலில் பயின்றவர் இருவர், ஆழமற்ற அமைதியான நீரில், படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பார்க்கட்டும். அது கைவந்த பின்னரே, மிதவைச் சட்டை அணிவித்துப் பெரியவரை அழைத்து ஏற்றுக. படகின் வேகம் சற்றுக் குறையலாம். கரையில் நின்று கையசைத்தவர் நம் அருகில் அமர்ந்திருக்கும்போது, அக்குறையை எவர் பெரிதாக எண்ணுவர்?