ஊசி வேண்டாம், போன் போதும்

விஞ்ஞானம் படிப்பிக்கும் சக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "பூச்சி சேகரித்து வா" என்று ஒப்படை கொடுப்பதை நிறுத்துவோம். பிள்ளைகள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைத்தான் பிடிப்பார்கள். அது பெரும்பாலும் காட்டுப் பட்டு அந்துப்பூச்சியாக இருக்கும். பிறகு ரெஜிபோம் துண்டும் குண்டூசியும்தான்.

இந்தப் பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஒரு கிழமை போல வாழும். அதற்குள் சோடி சேர்ந்து முட்டையிட வேண்டும். நாம் குத்துவது முட்டையிடாத பெண்ணாகவும் இருக்கலாம்.

இனம் காண ஊசி தேவையே இல்லை. செங்கபில நிறம், சிறகு நுனி பாம்புத் தலை போல, நடுவில் கண்ணாடி மாதிரி முக்கோணம் என்றால் அட்லஸ் வகை. போன் செயலி "அற்றாகஸ் அட்லஸ்" என்று சொல்லும். அப்படியே எழுத வேண்டாம். நம் நாட்டில் இருப்பது அற்றாகஸ் தப்ரபானிஸ். தப்ரபேன் என்பது இலங்கையின் பழைய பெயர்தானே! வெளிர் பச்சை நிறமும் பின்சிறகில் நீண்ட வாலும் இருந்தால் நிலா அந்துப்பூச்சி. நான்கு சிறகிலும் ஒவ்வொரு வட்டக் கண் இருந்தால் டசர் பட்டு இனம்.

இரவில் வீட்டுக்குள் வந்து, "மவ்த்தானவங்க வந்திருக்காங்க" என்று பெரியவர்கள் சொல்லும் கறுத்தப் பூச்சி பெரும்பாலும் வேறு குடும்பம். உணர்கொம்பைப் பாருங்கள். அதற்கு நூல் போல இருக்கும். பட்டு இனத்துக்கு இறகு போல. ஆணுக்கு நன்றாக அகன்றிருக்கும்.

ஆகவே படம் எடுக்கும்போது சிறகின் மேற்புறம், அடிப்புறம், உணர்கொம்பு மூன்றும் வரட்டும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். திகதி, இடம், புழுவாக இருந்தால் எந்த மரம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கறுவா, கொய்யா இலைகளைப் புரட்டினால் கூடும் கிடைக்கலாம்.

ஆய்வாளருக்கு மாதிரி தேவைப்படும், அதை மறுக்கவில்லை. நூதனசாலையில் அது நூறு வருடம் பயன்படும். நம் ஒப்படை தவணை முடிய எறும்பு தின்று குப்பைக்குப் போகிறது.

சுபஹுக்குப் போகிறவர்கள் பள்ளிவாசல் மின்குமிழுக்குக் கீழே சுவரைப் பாருங்கள். இரவு வெளிச்சத்துக்கு வந்தது அங்கேயே ஒட்டியிருக்கும். முஅத்தின் தும்புத்தடி எடுக்க முன்னர் ஒரு படம் எடுத்து, ஊர் பெயரோடு கீழே போடுங்கள்.