உலகத்தின் தலையில் போட்ட பழி

நற்செய்திப் பெருவிழாப் பந்தலில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தப் பிரசங்கம் மனப்பாடம். ஐரோப்பாவில் ஆலயங்கள் பூட்டிக் கிடக்கின்றன, சில விலைக்கே போய்விட்டன. காரணம், அங்கே உலகம் சபைக்குள் நுழைந்துவிட்டது. நமக்கும் அந்தக் காலம் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் கையில் செல்போன், கல்லூரியில் நாத்திகம் பேசும் வாத்தியார், வீட்டில் சீரியல், சட்டம் போடும் இடத்தில் தேவனை அறியாதவர்கள். விசுவாசத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் வேலியை உயர்த்திக் கட்டுங்கள். பந்தல் முழுக்க ஆமென்.

சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். மதச்சார்பற்ற காலம் கிறிஸ்தவப் போதனையை அரிக்கிறதாம். அதற்கு முன்பு, ஊரே முழங்காலில் நின்ற காலத்தில், போதனை பத்திரமாக இருந்ததாம். இரண்டும் உண்மையல்ல. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒருசேர வசதியாக இருப்பதால் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்டப் பிள்ளை 1745 மே 14ஆம் தேதி அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர்மேல் எழுந்த கோபத்துக்கு, தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவர் கலந்து பழகியதும் ஒரு காரணம். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரின் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டது. இவ்வளவும் பெருமையாகச் சொல்கிறோம். அதே ஊரின் அடுத்த கதையை மட்டும் மெதுவாகச் சொல்கிறோம், அல்லது சொல்வதே இல்லை.

1872இல் வடக்கன்குளத்தில் திருக்குடும்ப ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் நீண்ட மண்டபங்கள் இரண்டு, நடுவில் தடுப்புச் சுவர். ஒரு மண்டபத்தில் வெள்ளாளர், மற்றதில் நாடாரும் பிற சாதியாரும். கால்சட்டையின் இரண்டு கால்களும் இடுப்பில் சேர்வதுபோல இரண்டும் பீடத்தருகே வந்துதான் சேரும். பூசை வைக்கும் சாமியாருக்கு இரு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தார் கண்ணில் மறுபக்கத்தார் பட மாட்டார்கள். நற்கருணை வாங்கி நாக்கு ஈரம் காய்வதற்குள் யார் முகத்திலும் விழிக்காமல் அவரவர் வாசல் வழியே வீட்டுக்குப் போய்விடலாம். கொத்தனார் சொந்த யோசனையில் கட்டிய கட்டடமா இது? குருக்களுக்குத் தெரிந்து, சபையார் கேட்டு, நாளெல்லாம் ஜெபமாலை உருட்டிய கைகள் காணிக்கை போட்டுக் கட்டியது. அன்று இங்கே டிவி இல்லை, அரசியல் சாசனம் இல்லை. ஈ.வெ.ரா. பிறப்பதற்கே இன்னும் ஏழு ஆண்டு இருந்தது. எந்த நாத்திகர் வந்து அந்தச் சுவரை வைக்கச் சொன்னார்?

1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்தவர் ஒரு குரு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இடிபட்ட பிறகு நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். தங்கள் தனி உரிமை பறிபோய்விட்டதென்று வெள்ளாளர் பக்கத்துப் பிள்ளைமாரும் முதலிமாரும் ஆயர் மேலேயே வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. மதம் மாறியபோது தீட்டையும் கூடவே கொண்டுவந்தோம், அதற்கு நீதிமன்றம் காவல் நிற்க வேண்டும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் அவிசுவாசிகளின் நீதிமன்றத்தில் ஏறக்கூடாது என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை இவர்கள் படிக்காமல் இல்லை. சுவரைக் காப்பாற்ற உலகத்தைத் தேடிப் போனவர்கள் விசுவாசிகள். முடியாது என்றது உலகம்.

‘அது கத்தோலிக்கர் கதை’ என்று எங்கள் புராட்டஸ்டண்டு அண்ணாச்சிமார் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் காலத்திலிருந்தே சாதிக்கொரு இருக்கை இருந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் தஞ்சாவூர்ச் சபை பிளந்துபோனது. பலர் ஆலயத்தையே விட்டு வெளியேறினார்கள். சாதி வழக்கத்துக்கு ஆதரவாக மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் உண்டு. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர், இன்றுவரை நம் ஆராதனைக்குப் பாட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பவர். அவருடைய பக்தியைச் சந்தேகிக்க எனக்கு ஒரு முகாந்தரமும் இல்லை. அதுதான் பிரச்சினையே. பக்தி குறைந்ததால் போதனை கெட்டது என்ற கணக்கு அவரிடம் வந்து உடைந்துபோகிறது.

தங்க மோதிரம் போட்டவன் வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைத்து, கந்தல் கட்டியவனை நிற்க வைக்கும் சபையை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே கண்டிக்கிறார். அது ஆகமத்தின் ஓரத்தில் ஒளிந்து கிடக்கும் வசனமல்ல. வேதப்பாடப் பரீட்சையில் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதிப் பரிசு வாங்கும் பகுதி.

இன்றைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் மணமக்கள் பக்கத்தைப் பிரியுங்கள். இரட்சிக்கப்பட்ட, ஆவிக்குரிய, ஜெபிக்கும் குடும்பம், நகை அணியாதவர் என்று நாலு வரி இறங்கி, ஐந்தாவது வரியில் சாதி வரும். சில விளம்பரங்களில் அதுவே முதல் வரி, ‘சி.எஸ்.ஐ.’ என்ற எழுத்துகளை ஒட்டியே நிற்கும். நகை போடாத சபையில் மணப்பெண்ணின் கழுத்து வெறுமையாக இருக்கும். சவரன் கணக்கு லாக்கரில் இருக்கும், கார் வாசலில் நிற்கும், மருத்துவம் படித்த மாப்பிள்ளைக்கு நர்சிங் ஹோம் கட்ட மனையும் வரும். வரதட்சணை என்று யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. ‘கர்த்தர் உங்களுக்கு எப்படி ஏவுகிறாரோ அப்படிச் செய்யுங்கள்’ என்பார்கள். கர்த்தர் எவ்வளவு ஏவ வேண்டும் என்பது தரகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருக்க வேண்டும் என்ற பவுலின் நிருப வசனம் வாலிபர் கூட்டங்களில் அலுக்காமல் சொல்லப்படும் போதனை. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறோம். ஆனால் நடைமுறையைக் கவனித்துப் பாருங்கள். மகள் விரும்பியவன் இந்துவாக இருந்து சாதி ஒன்றாக இருந்தால், அழுகை ஒரு வாரத்தில் அடங்கும். ‘ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கிடலாம்’ என்று சித்தப்பா சமாதானம் சொல்வார். அவன் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவன், ஞாயிறு பள்ளி ஆசிரியர், ஆனால் சேரியிலிருந்து வருகிறான் என்றால் அந்த வீட்டில் வேதவசனம் எதுவும் பேசாது. எது அந்நியம் என்பதை நிருபம் முடிவு செய்யவில்லை. இதில் செல்போனுக்கு என்ன பங்கு? கல்லூரி வாத்தியாருக்கு என்ன பங்கு?

பெண் பிள்ளைகளின் சொத்துரிமைக் கதையும் இதே தடத்தில் போகிறது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916இல் வந்தது. நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூர்தான். தகப்பன் உயில் எழுதாமல் செத்தால் மகனுக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மகளுக்கு. கேரளக் கிறிஸ்தவரான மேரி ராய் இந்த அநியாயத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும், மகளுக்கும் சம பங்கு என்று 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. உடனே ஆலயங்களில் ஸ்தோத்திர ஆராதனை நடந்ததா? கேரளச் சபைத் தலைவர்களில் பலர் அந்தத் தீர்ப்பைக் குடும்பங்களைப் பிளக்க வந்த ஆபத்தாகப் பார்த்தார்கள். யோபு தன் குமாரத்திகளுக்கு அவர்களுடைய சகோதரர்களுக்கு நடுவிலேயே சுதந்தரம் கொடுத்தார் என்று அவர் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. அதை வாசித்துக் கேட்டுக்கொண்டே மகள்களுக்குக் கால் பங்கு அளந்தவர்கள் நாம். அவர்களுக்கு முழுப் பங்கு வாங்கித் தந்தது மதச்சார்பற்ற நாட்டின் நீதிமன்றம்.

ஐரோப்பா உதாரணத்தையும் சும்மா விடுவதற்கில்லை. ஆலயம் நிரம்பியிருந்த ஐரோப்பா எப்படி இருந்தது? 1933இல் ஜெர்மானியர்களில் பெரும்பகுதியினர் ஞானஸ்நானம் பெற்று ஏதாவதொரு சபையின் ஏட்டில் பெயர் உள்ளவர்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரஷ்யச் சபையின் பேரவை ‘ஆரிய விதி’யை ஏற்றுக்கொண்டது; அதன்படி யூத வம்சத்தில் பிறந்தவர் கிறிஸ்தவரானாலும் போதகராக இருக்க முடியாது. அதை மறுத்தவர்கள் சிறுபான்மை. 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடி, சபைக்குக் கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவன் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். அந்தத் துணிச்சலான அறிக்கையிலும் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இன்று பூட்டிக் கிடக்கும் ஜெர்மானிய ஆலயத்தைப் பார்த்துக் கண்ணீர் விடும் நம் பிரசங்கியார், அது நிரம்பி வழிந்த நாளில் பீடத்தருகே எந்தக் கொடி தொங்கியது என்பதையும் சபைக்குச் சொல்லலாம்.

‘அப்படியானால் காலத்தோடு ஒத்துப்போய்விடச் சொல்கிறாயா?’ என்று கேட்பார்கள். இல்லை. இந்தக் காலத்துக்கும் அதன் விக்கிரகங்கள் இருக்கின்றன. மனிதனைச் சம்பளப் பட்டியலாகவும் பெண்ணை விளம்பரப் பலகையாகவும் பார்ப்பது, முதியோரைச் செலவுக் கணக்கில் எழுதுவது, இதையெல்லாம் சுவிசேஷம் மறுக்கிறது. நாமும் மறுக்க வேண்டும். போதனையைத் தண்ணீர் ஊற்றி இளக்கினால் வாலிபர் திரும்பி வருவார்கள் என்று நம்புகிற முற்போக்கு நண்பர்களோடும் எனக்கு ஒட்டவில்லை. நான் போதனையைக் குறைக்கச் சொல்லவில்லை. இருக்கிற போதனையை முழுசாகக் கேட்கிறேன்.

நம் பிள்ளைகள் ஏன் சபையை விட்டு நழுவுகிறார்கள் என்பதற்கு டார்வினைக் காரணம் காட்டுவது நமக்குச் சுலபம். சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்களிடம் பேசிப் பாருங்கள். பரிணாமக் கொள்கையைப் படித்துக் குழம்பிப்போனவர்களை நான் அதிகம் கண்டதில்லை. திருமண்டலத் தேர்தலில் பிரியாணிப் பொட்டலமும் கவரும் கைமாறியதைப் பார்த்தவர்கள் நிறைய. பள்ளிக்கூட வேலைக்கு விலை சொல்லப்பட்டதைக் கேட்டவர்கள் நிறைய. சபைத் தகராறைத் தீர்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றம் நியமிக்கும் அளவுக்கு நம் நிர்வாகம் வந்து நிற்பதை அவர்களும் செய்தியில் படிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் நம் இரட்டை நாக்கு நன்றாகவே தெரியும். 1950 ஆகஸ்டு 10ஆம் தேதிக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. அந்த நாளைச் சபைகள் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. கோரிக்கை முழுக்க நியாயமானது. மதம் மாறியதால் தீண்டாமை தீரவில்லை என்பதற்கு ஆதாரம் தேவையில்லை. ஆனால் தெருவில் நின்று அரசாங்கத்திடம் ‘எங்கள் சபைக்குள் சாதி இருக்கிறது’ என்று மனுக் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து ‘கிறிஸ்துவுக்குள் சாதியில்லை’ என்று பிரசங்கம் வைக்கிறோம். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்குத்தளம் கேட்டதை ஒட்டி மற்ற சாதிக் கத்தோலிக்கரோடு நடந்த கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர் போனது. இரு தரப்பும் ஒரே மாதாவைத் தூக்கிச் சுமந்தவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் இருந்தது. எந்தச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு அதைக் கட்டியது?

வேலி உயர்த்துகிற பேச்சுக்கு ஒரு பயன் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சினிமாவுக்குப் போகாமலிருக்க யாருக்கும் ஒரு சென்ட் நிலம்கூடச் செலவாகாது. பூ வைக்காமல், பொட்டு வைக்காமல் இருப்பதால் எந்தச் சொந்தக்காரனும் பகையாளி ஆவதில்லை. மகளுக்குச் சம பங்கு எழுதினால் மகன் முறைப்பான். சம்பந்தம் சாதி மாறினால் ஊரில் பந்தி பிரியும். கிறிஸ்தவப் போதனையில் நம் சட்டைப்பைக்கும் சம்பந்திக்கும் கை வைக்கும் பகுதிகளை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் உலகத்திடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

செய்வதற்குப் புதிதாக எந்த இறையியலும் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பு ஆலயத்தில் ஓலை வாசிக்கிறோம். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சபையைக் கேட்கிறோம். அத்தோடு இரு வீட்டாரிடமும், கொடுக்கல் வாங்கல் இல்லை என்று சபை முன்னால் சொல்லச் சொல்லி ஒரு கேள்வி சேர்க்கலாம். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். போதகர் கையெழுத்துப் போடும் பதிவேடே அரசாங்கச் சட்டத்தின் கீழ் வருவது. ஆகவே கேட்பதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை என்று யாரும் வாதாட முடியாது. பொய் சொல்பவர்கள் சொல்லட்டும். பீடத்துக்கு முன்னால், சொந்தபந்தம் கேட்க, வாய் திறந்து சொல்லட்டும்.

இந்த யோசனையை எங்கள் பக்கத்துப் போதகர் ஒருவரிடம் சொன்னேன். நல்ல மனிதர், மறுக்கவில்லை. “நல்ல காரியந்தான் தம்பி, சேகரத் தேர்தல் முடியட்டும்” என்றார்.