பூட்டிய வீட்டுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது ரிச்சர்ட்ஸ் டவுன். பூங்கா, கிளாரன்ஸ் பள்ளி, நிழல் மரங்கள், சன்னலுக்கு மேல் கூம்பாக மரத்தட்டி வைத்த பழைய பங்களாக்கள். அந்தத் தட்டிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'மங்கி டாப்'. பங்களாக்களில் பல இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. எஞ்சியவற்றில் சில பூட்டிக் கிடக்கின்றன. யாருடைய வீடு, எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் தயக்கமின்றி விடை வரும்: பெர்த், மெல்போர்ன், டொராண்டோ, லண்டன். தமிழில் கேட்டால் தமிழிலேயே வரும்.

தெருவுக்குத் தெரிந்த இந்தச் செய்தி அரசின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. குடிபெயர்வு ஆய்வுகளிலும் பெரும்பாலும் இல்லை. இது சிறிய விடுபடலாகத் தோன்றலாம். ஆனால் பன்னாட்டுக் குடிபெயர்வைப் பற்றி இந்தியாவில் பேசப்படுபவற்றின் அடிப்படைக் குறை இதில்தான் இருக்கிறது. ஊரில் யாரையாவது விட்டுச் சென்றவர்களையே நம் ஆய்வு எண்ணுகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனவர்களை அது எண்ணுவதில்லை. எண்ணப்படாதவர்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அது செல்லுபடியாகிவிடுகிறது.

ரிச்சர்ட்ஸ் டவுன் குடிபெயர்வால் உண்டான இடம். 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபோது, சென்னை மாகாணத்துப் படையோடு தமிழ் பேசும் சிப்பாய்களும் வணிகர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வீட்டு வேலையாள்களும் வந்தார்கள். 1881இல் மைசூர் அரசு மன்னர் குடும்பத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் இந்தப் பகுதி ஆங்கிலேயரிடமே இருந்தது. 1947 ஜூலை 26 அன்றுதான் அது மைசூரிடம் வந்தது. அதுவரை ஒரே ஊருக்குள் ஒரு பக்கம் மன்னராட்சி, மறுபக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. இந்தப் பகுதிக்குப் பெயர் தந்த எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் இங்கே கலெக்டராக இருந்தவர். 1918இல் வெளியான சேலம் மாவட்ட கெசட்டியரை எழுதியவரும் அவரே. மக்களையும் ஊர்களையும் சாதிகளையும் கணக்கெடுத்து எழுதிய ஓர் அதிகாரியின் பெயரைத் தாங்கிய இடத்தில், போனவர்களின் கணக்கு மட்டும் இல்லை.

போனவர்களில் முதல் பெருங்கூட்டம் ஆங்கிலோ இந்தியர்கள். தமிழில் ஒரு காலத்தில் 'சட்டைக்காரர்' என்று, பாதி அறிமுகமும் பாதி ஏளனமுமாக அழைக்கப்பட்டவர்கள். ரயில்வே, தந்தி, சுங்கம், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் உழைத்த அந்தச் சமூகத்துக்குப் பெங்களூர் நிலையான வீடாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. 1882இல் மைசூர் மன்னர் அளித்த நிலத்தில் ஒயிட்ஃபீல்டு குடியேற்றம் உருவானது அந்த நம்பிக்கையில்தான். விடுதலை நெருங்கியபோது நம்பிக்கை தளர்ந்தது. 1947 ஆகஸ்டில் மனூரா என்னும் கப்பல் நூற்றுக்கணக்கான ஆங்கிலோ இந்தியர்களை மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரீமாண்டில் துறைமுகத்தில் இறக்கியது. வெள்ளையரை மட்டும் ஏற்கும் கொள்கை கொண்டிருந்த ஆஸ்திரேலியா, வந்தவர்களின் நிறத்தைப் பார்த்துக் கதவை இறுக்கியது. அறுபதுகளின் நடுவிலும் எழுபதுகளிலும் அந்தக் கொள்கை தளர்ந்து ஒழிந்தபோது கதவு மீண்டும் திறந்தது. பிரிட்டனோ 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தன் கதவைச் சாத்தத் தொடங்கியது. எந்த நாடு எப்போது யாரை ஏற்கும் என்பதைப் பொறுத்து ஒரே குடும்பத்தின் அண்ணன் லண்டனிலும் தம்பி பெர்த்திலும் தங்கை பெங்களூரிலும் ஆனார்கள்.

இவர்கள் ஏன் கணக்கில் வரவில்லை? மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, சட்டம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரில் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள்தான் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். எனவே அரசிடம் ஒழுங்காக இருக்கும் பதிவு பெரும்பாலும் அவர்களைப் பற்றியதே. இராமநாதபுரத்திலிருந்து சவூதிக்குப் போகும் கொத்தனார் 'குடிபெயர்ந்தவர்'. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கனடாவுக்குப் போகும் கணினிப் பொறியாளர் 'வெளிநாட்டில் இருக்கிறார்'. இருவரும் கடந்தது எல்லையைத்தான். ஒருவருக்கு அது சட்டத்தின் சொல். மற்றவருக்கு உறவினர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி.

இரண்டாவது, ஆய்வு முறை. அரசு விட்ட இடைவெளியை நிரப்பியவை மாநில அளவிலான மாதிரிக் கணக்கெடுப்புகள். திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் தொடங்கிய கேரளக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பு இத்துறையின் மிகப் பெரிய சாதனை. அந்த ஆண்டு 13.6 லட்சம் மலையாளிகள் வெளிநாட்டில் இருப்பதாக அது மதிப்பிட்டது. அதே வழியில் 2015இல் தமிழ்நாட்டில் 20,000 குடும்பங்களிடம் நடந்த கணக்கெடுப்பு, வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டவர் ஏறத்தாழ 22 லட்சம் என்றது. இந்த முயற்சிகள் இல்லையென்றால் இன்று பேசுவதற்கே எண் இருக்காது. ஆனால் இம்முறையின் மையத்தில் இருப்பது ஒரு கேள்வி: 'இந்த வீட்டைச் சேர்ந்தவர் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா?' அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். வளைகுடாவுக்குத் தனியாகப் போகும் தொழிலாளியின் மனைவியோ தாயோ விடை சொல்வார்கள். குடும்பமே போயிருந்தால் கதவைத் திறக்க ஆள் இல்லை. கணக்கெடுப்பாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். முழுமையாகப் போனவர்கள்தான் முழுமையாக விடுபடுகிறார்கள்.

மூன்றாவது, போய்ச் சேர்ந்த நாட்டின் கணக்கு. ஐக்கிய நாடுகள் அவை 2020இல் உலகக் குடிபெயர்ந்தோர் தொகை 28.1 கோடி என்றும், அவர்களுள் இந்தியாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 1.8 கோடி என்றும் மதிப்பிட்டது. இந்த மதிப்பீட்டின் முதன்மை அளவுகோல் பிறந்த நாடு. 'இந்தியா' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ரிச்சர்ட்ஸ் டவுனின் ஆங்கிலோ இந்தியரும் கன்டோன்மென்ட் தமிழரும் பஞ்சாபியும் குஜராத்தியும் ஒன்றாகக் கரைந்துபோகிறார்கள். பிறந்த நாடு என்ற அளவுகோலின் இன்னொரு முகத்தைத் தமிழ்நாட்டில் காணலாம். 1983க்குப் பின் வந்த இலங்கைத் தமிழரின் முகாம்களில் இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை இந்த அளவுகோல் குடிபெயர்ந்தோர் என்று ஏற்காது. அவர்களில் பலரைச் சட்டம் குடிமக்கள் என்றும் ஏற்காது.

இவையெல்லாம் ஆய்வாளர்களுக்குள் பேசித் தீர்க்கும் முறையியல் சச்சரவு அல்ல. 2019 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த நியமன இடங்களை முடிவுக்குக் கொண்டுவரும் அரசமைப்புத் திருத்தத்தின்மீது விவாதம் நடந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஆங்கிலோ இந்தியர் 296 பேர்தான் என்று அரசு தரப்பில் கூறப்பட்டது. சமூக அமைப்புகள் அந்த எண்ணை ஏற்கவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் மதத்துக்கும் தாய்மொழிக்கும் பட்டியல் இனத்தவருக்கும் இடம் இருந்தது. ஆங்கிலோ இந்தியர் என்று குறிக்கத் தனி இடம் இல்லை. பெங்களூரின் கிழக்குப் பகுதித் தேவாலயங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தவர் எவரும் 296 என்ற எண்ணை நம்ப மாட்டார். ஆனால் மறுப்பதற்கு அவர்களிடமும் உறுதியான எண் இல்லை. எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்று கணக்கிட்டிருக்கலாம். போனவர் கணக்கு இல்லாததால் இருப்பவர் கணக்கும் இல்லாமல் போயிற்று. 2020 ஜனவரியில் நியமன இடங்கள் முடிவுக்கு வந்தன. அந்த இடங்கள் நீடித்திருக்க வேண்டுமா என்பது தனி விவாதம். அதை 296 என்ற எண் தீர்த்துவைத்திருக்கக் கூடாது என்பதே இங்கே சொல்ல வேண்டியது.

போனவர்களுக்கு நேர்வது ஒருபுறம்; இருப்பவர்களுக்கு நேர்வது இன்னொருபுறம். பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்துவிட, பெரிய வீட்டில் தனியே வாழும் முதியவர்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் உண்டு. பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்களா என்று ஆய்வாளர் கேட்டால், 'வேண்டியதில்லை, ஓய்வூதியம் வருகிறது' என்று பதில் வரும். படிவத்தில் சுழியம் விழும். குடிபெயர்வால் இந்த வீட்டுக்கு எந்த விளைவும் இல்லை என்று பொருளாகிவிடும். இரவு பத்து மணிக்கு மார்பு வலித்தால் யாரை அழைப்பார் என்ற கேள்வி படிவத்தில் கிடையாது.

அந்த முதியவரைக் கவனித்துக்கொள்ள வருபவர் யார்? ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வடகர்நாடகச் சிற்றூரிலிருந்தோ வரும் ஒரு பெண். தன் குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, இன்னொருவரின் தாயைப் பார்த்துக்கொள்ள அவர் வருகிறார். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு இத்தகைய தொடர்புக்குப் பராமரிப்புச் சங்கிலி என்று பெயரிட்டார். மெல்போர்னுக்குப் போன மகனும் ராஞ்சியிலிருந்து வந்த செவிலிப் பெண்ணும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். நம் ஆய்வுலகில் மகன் பன்னாட்டுக் குடிபெயர்வுத் துறைக்குப் போகிறார்; பெண் உள்நாட்டுக் குடிபெயர்வுத் துறைக்குப் போகிறார். இரண்டு துறைகளும் சந்திப்பது அரிது. அவர்கள் சந்திக்கும் வீடு யாருடைய ஆய்வுக்களமும் அல்ல.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு எழும். வசதியோடு போனவர்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, கடன் வாங்கி வளைகுடாவுக்குப் போய்க் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து நிற்கும் தொழிலாளிக்கு ஆய்வின் நேரமும் பணமும் செல்ல வேண்டாமா? செல்ல வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் குடும்பத்தோடு போவோர் எல்லாரும் வசதியானவர்கள் என்பது எண்ணிப் பார்க்காததால் வந்த நம்பிக்கை. மாணவர் விசாவில் போய்க் கடனில் மூழ்கியவரும், வீட்டை விற்றுப் போய் அங்கே படித்த படிப்புக்கு வேலை கிடைக்காதவரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். 'குடிபெயர்ந்தவர்' என்ற சொல்லை ஏழைக்கு மட்டும் ஒதுக்கி வைத்தால், அது உரிமையைக் குறிக்கும் சொல்லாக இல்லாமல் தகுதிக் குறைவைக் குறிக்கும் சொல்லாகவே நீடிக்கும். அதனால் கொத்தனாருக்கும் நன்மையில்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன. வீட்டாரைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், 'உங்கள் உடன்பிறந்தோர் இப்போது எங்கே வாழ்கிறார்கள்?' என்றும் கேட்கலாம். பூட்டிய வீட்டின் பிள்ளைகளைப் பற்றி வேறொரு வீட்டில் இருக்கும் அக்காளோ தம்பியோ சொல்லிவிடுவார்கள். மக்கள்தொகையியலாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்த வழி இது. தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளும் பள்ளிகளின் மாற்றுச் சான்றிதழ்ப் பதிவுகளும் பத்திரப் பதிவு அலுவலகங்களில் கிடக்கும் பொது அதிகார ஆவணங்களும் ஒரு பகுதியின் வெளியேற்றத்தை ஆண்டுவாரியாகச் சொல்லக்கூடியவை. தனிமனிதர் விவரங்களைக் காத்துக்கொண்டே அவற்றைப் படிக்க முடியும். பேச்சு வரலாற்றைப் பதிவு செய்யவேண்டிய தலைமுறையோ குறைந்துகொண்டே வருகிறது.

அரசுக்கும் பங்கு உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற 2019இலும் 2021இலும் வரைவுகள் வெளியாயின. எந்த வரைவு சட்டமானாலும், கல்வித் தகுதியைக் கொண்டு யார் குடிபெயர்ந்தவர் என்று பிரிக்கும் வழக்கத்தை அது கைவிட வேண்டும். 2011ஆம் ஆண்டு வீட்டுப் பட்டியலில் ஏறத்தாழ 33 கோடி வீடுகளுள் சுமார் 2.5 கோடி வீடுகள் காலியாக இருந்தன. விற்காத வீடுகளும் வாடகைக்குக் காத்திருப்பவையும் அதில் அடக்கம். ஆனால் அவற்றுள் எத்தனை, குடும்பம் வெளிநாடு போனதால் காலியானவை என்பதை அந்தப் பட்டியலிலிருந்து அறிய வழியில்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் கணக்கெடுப்பில் மீண்டும் ஒருவர் கையில் கருவியோடு ரிச்சர்ட்ஸ் டவுனின் தெருக்களில் நடப்பார். பூட்டிய கதவின் முன் ஒரு நிமிடம் நிற்பார். பக்கத்து வீட்டில் கேட்டால் அவருக்கு விடை கிடைக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை அவருக்கு இருக்க வேண்டும். கிடைக்கும் விடையை எழுத ஓர் இடமும் இருக்க வேண்டும்.