கடல் இல்லாத ஊர்க்காரன் கடல் பற்றிப் பேசலாமா?

"நீ அருப்புக்கோட்டைக்காரன், உனக்கும் கடலுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. திருச்சுழிப் பக்கம் போனால் கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும்தான். ஆனால் திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு (தண்ணீர் வந்தால்!) கமுதியைத் தாண்டி மன்னார் வளைகுடாவில்தான் போய்ச் சேர்கிறது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் தெரியும். அம்மா கருவாட்டுக்கு மாறிவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஜான் க்னாஸ் என்ற கடலியல் அறிஞர் பெயரில் ஒரு ஃபெலோஷிப், 1979-இல் தொடங்கியது. பட்டமேற்படிப்பு மாணவர்களை ஓராண்டு வாஷிங்டனில், நாடாளுமன்ற அலுவலகங்களிலும் அரசுத் துறைகளிலும் உட்கார வைத்து, கடல் பற்றிய கொள்கை எப்படி உருவாகிறது என்று பழக்கும் திட்டம். கடல் உயிரியல்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை, சட்டம் படித்தவரும் போகலாம்.

நம்மூரில் 2022-இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அப்போது கேட்ட தகுதியைப் பாருங்கள். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை என்றால் இளங்கலையில் முதல் வகுப்பு போதும். மற்றவர்கள் முதுகலை முடித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பி.காம். முடித்தவனை 'எப்போது வேலைக்குப் போகப் போகிறாய்' என்றுதான் கேட்பார்கள், 'இன்னும் இரண்டு வருடம் படி' என்று சொல்ல மாட்டார்கள்.

காமர்ஸ்காரனுக்குக் கடலில் என்ன வேலை? ஒரு கணக்குப் போடுவோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதற்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று 2023-இல் மண்டபத்தில் அறிவித்தார்கள். வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு! இது போதுமா என்று சொல்ல, படகில் போகிறவருக்கு மற்ற நாட்களில் என்ன பங்கு கிடைக்கிறது, முன்பணம் கொடுத்த வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறார், ஐஸ் உடைப்பவருக்கும் கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும் அந்த இரண்டு மாதம் என்ன வருமானம் என்றெல்லாம் தெரிய வேண்டும். மீனை அறுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. நாங்களோ 'எக்ஸ் லிமிடெட்' என்ற இல்லாத கம்பெனிக்கு அடக்கவிலை போட்டுக்கொண்டிருக்கிறோம் :-)

மீன் எப்போது முட்டையிடும் என்று எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. அது தெரியாமல் தடைக்காலத்தைப் பற்றிப் பேசினால் உளறலாகத்தான் முடியும். அதனால் கடலுக்கென்று தனியாக ஒரு ஃபெலோஷிப் கொண்டு வரட்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலிருந்து ஒருவர், ஏதோ ஒரு வறண்ட ஊரின் பி.காம். ஒருவர் என்று ஜோடியாக எடுக்கட்டும். சென்னையில் ஏசி அறை வேண்டாம். படகு திரும்பி ஏலம் நடக்கும் நேரத்தில் மண்டபத்தில் நிற்க வைத்தால் போதும். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடுவேன்.