பன்றிக்குட்டியும் மரவள்ளிக் கிழங்கும்

திருச்சுழி வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் விவசாயத் தொழிலாளி கரிமூட்டம் போட வேண்டும், இல்லையேல் அருப்புக்கோட்டை நூற்பாலை வாசலில் நிற்க வேண்டும். இவர்களில் சில குடும்பங்கள் இரண்டு பன்றிக்குட்டி வளர்த்து, விற்ற காசில் கடனை அடைக்கின்றன. இதை இழிவு என்று பேசும் பெரிய மனிதர்கள் உண்டு. கந்துவட்டி வாங்குவது மட்டும் அவர்களுக்கு இழிவாகத் தெரிவதில்லை!

குட்டிக்கு எதைப் போடுவது? மக்காச்சோளம் என்பார்கள். 2018-ல் படைப்புழு வந்து விருதுநகர் மாவட்டத்து மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தது. இன்றோ கோழிப்பண்ணைகளும் எத்தனால் ஆலைகளும் அதே தானியத்துக்குப் போட்டி போடுகின்றன. கூலிக்காரன் அந்தப் போட்டியில் எங்கே நிற்பான்? குப்பையில் மேயவிட்டாலோ நோய். 2020-ல் அஸ்ஸாமில் புகுந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எச்சில் இறைச்சி வழியாகவும் பரவக்கூடியது.

மரவள்ளி இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் மாவுப் பாயிண்ட் பார்த்து விலை வைக்கின்றன. விலை விழுந்தால் விவசாயி கையைப் பிசைகிறான். அந்தக் கிழங்கு நம் குட்டிக்குத் தீனியாகலாம். ஆனால் பச்சையாகப் போடக் கூடாது, அதில் நஞ்சுண்டு. தோலைச் சீவி, சில்லாக நறுக்கி, நன்றாகக் காய வைக்க வேண்டும்; அல்லது வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலர்ந்த கிழங்கில் புரதம் 100-க்கு 2, 3 பங்குதான். மக்காச்சோளத்தில் 8, 9 உண்டு. பால் மறந்த குட்டிக்கோ 18-க்குக் குறையக் கூடாது. வெறும் கிழங்கைப் போட்டால் வயிறு ஊதும், குட்டி வளராது. கடலைப் பிண்ணாக்கோ கருவாட்டுத் தூளோ சேர வேண்டும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மலிவு என்று வாங்குவது குட்டியைக் கொல்வதற்குச் சமம். ஆலைத் திப்பியில் நார் அதிகம். அது பெரிய பன்றிக்குத்தான் ஆகும். வியட்நாமிய விவசாயிகள் மரவள்ளி இலையையும் சர்க்கரைவள்ளிக் கொடியையும் காற்றுப் புகாமல் புளிக்க வைத்துப் பன்றிக்குப் போடுகிறார்கள்.

திருவனந்தபுரத்தில் 1963 முதல் மத்திய கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் அறிவு திருச்சுழிக் குடிசைக்கு வர வேண்டாமா? சேலத்துச் சில்லும் நல்ல பிண்ணாக்கும் கூட்டுறவுச் சங்கத்தில், லாரி வாடகையைச் சர்க்கார் ஏற்று, கடனுக்குக் கிடைக்க வேண்டும் என்று கோருகிறோம். கலக்கும் முறையைக் கால்நடை டாக்டர் கிராமத்துக்கே வந்து, பெண்கள் வேலை முடித்துத் திரும்பும் மாலை நேரத்தில் செய்து காட்ட வேண்டும்.